நாய்க்கும் பூனைக்கும் வந்த முதுமை!
ஜப்பான் சந்திக்கும் புதுப் பிரச்சினை

நள்ளிரவு மணி 2. டோக்கியோ நகரம் தூங்குகிறது. ஓர் அடுக்குமாடி வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது.

அந்த வீட்டு நாய்க்கு வயது 16. கண் மங்கிவிட்டது. காது கேட்பதில்லை. அது அறைக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிறது. ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. சுவரின் மூலையில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. பின்னால் நகர அதற்குத் தெரியவில்லை. ஊளையிடுகிறது.

எழுந்து வந்து அதைத் திருப்பி விடுகிறார், வீட்டுக்கார அம்மாள். அவருக்கு வயது 74. மூட்டுவலிக்காரர். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் ஊளை. மறுபடியும் எழுந்திருக்க வேண்டும். பொழுது விடியும் வரை இதே கதைதான். விடிந்ததும் நாய் தூங்கிவிடும். அம்மாளுக்குத் தூக்கம் ஏது?

இப்படிப்பட்ட வீடுகள் இன்று ஜப்பானில் ஏராளம்.

குழந்தைகளைவிட அதிகம்!

ஜப்பானில் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர். இது 2024ஆம் ஆண்டுக் கணக்கு. அதே ஆண்டில் வீடுகளில் வளர்ந்த நாய்கள் ஏறத்தாழ 68 லட்சம். பூனைகள் 91 லட்சத்துக்கு மேல். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். குழந்தைகளைவிடச் செல்லப் பிராணிகள் அதிகம்!

மனிதர்களில் 100 பேருக்கு 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வேலை தேடிப் பட்டணம் போய்விடுகிறார்கள். தனியாக இருக்கும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் பேச்சுத் துணை, ஒரு நாய் அல்லது ஒரு பூனை.

அந்த நாயும் பூனையும் இப்போது கிழமாகி வருகின்றன. வளர்ப்பு நாயின் சராசரி ஆயுள் 15 ஆண்டை நெருங்கிவிட்டது. பூனைக்குச் சுமார் 16. நாய், பூனையின் முதல் 2 ஆண்டுகளை மனிதருக்கு 24 வயது என்று கணக்கிடுவார்கள். பிறகு ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 வயது கூட்ட வேண்டும். அந்தக் கணக்குப்படி 15 வயதுப் பூனை, 76 வயதுப் பாட்டி! பெரிய சாதி நாய்களுக்கு முதுமை இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

நாய்க்கு நீண்ட ஆயுள் கொடுத்த மண்

ஆயுள் எப்படி நீண்டது?

ஹாச்சிகோ என்ற நாயின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். எஜமானர் 1925இல் இறந்த பிறகும் அவர் வருவார் என்று டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்துக் கிடந்த நாய். அங்கே அதற்குச் சிலை இருக்கிறது. ஹாச்சிகோ 1935இல் 11 வயதில் இறந்தது. அதன் உடலை அறுத்துப் பார்த்தபோது இதயத்தில் புழுக்கள் இருந்தன. பாதுகாத்து வைத்த உறுப்புகளை 2011இல் மறுபடியும் சோதித்தார்கள். புற்றுநோயும் இருந்தது தெரிந்தது.

இதயப் புழு என்பது கொசுவினால் பரவும் வியாதி. நூல் போன்ற புழுக்கள் நாயின் இதயத்திலும் நுரையீரல் ரத்தக் குழாய்களிலும் குடியேறி அடைத்துக்கொள்ளும். நாய் இருமும், இளைக்கும், வயிறு வீங்கிச் சாகும். அந்தக் காலத்தில் ஜப்பானிய நாய்களுக்கு இது எமன்.

இந்த எமனை விரட்டிய மருந்தும் ஜப்பான் மண்ணிலிருந்தே கிடைத்தது. இதோ என்ற ஊரில் கோல்ப் மைதானம் ஒன்றின் அருகே எடுத்த ஒரு பிடி மண்ணில், ஒரு நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார் சதோஷி ஓமுரா என்ற விஞ்ஞானி. அதிலிருந்து பிறந்தது ஐவர்மெக்டின். மனிதர்களின் கண்ணைப் பறிக்கும் புழு நோய்க்கும் அது மருந்து. அதற்காக அவருக்கும் அமெரிக்காவில் வேலை பார்த்த வில்லியம் கேம்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்குப் பரிசு, நாய்க்கு ஆயுள்! மாதம் ஒரு மாத்திரை கொடுத்தால் இதயப் புழு அண்டுவதில்லை.

சாப்பாடும் மாறியது. முன்பெல்லாம் மிஞ்சிய சோற்றில் சூப்பை ஊற்றிக் கொடுப்பார்கள். இப்போது வயதுக்கு ஏற்ற தீனி பையில் வருகிறது. முற்றத்தில் கட்டிக் கிடந்த நாய் வீட்டுக்குள் வந்துவிட்டது. தெருவில் அலைந்து லாரியில் அடிபட்ட பூனையும் உள்ளே வந்துவிட்டது. தடுப்பூசியும் உண்டு. ஆயுள் நீளாமல் என்ன செய்யும்?

12 லட்சம் உயிர்கள்

முன்பு ஒரு வழி இருந்தது. கொடிய வழி. நாய் கிழமாகிவிட்டதா? உள்ளூர்ச் சுகாதார நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம். சில நாள் வைத்திருப்பார்கள். கேட்பார் இல்லையென்றால் கரியமில வாயு அறையில் முடித்துவிடுவார்கள். தெருநாய், வேண்டாத குட்டி, வீட்டுக் கிழநாய் எல்லாவற்றுக்கும் ஒரே முடிவு. 1974ஆம் ஆண்டில் இப்படி மாண்ட நாய்களும் பூனைகளும் சுமார் 12 லட்சத்து 20 ஆயிரம்!

மக்கள் மனம் கொதித்தது. பிராணிகள் பாதுகாப்புச் சட்டத்தை 2012இல் திருத்தினார்கள். 2013 செப்டம்பர் முதல் தேதி அது அமலுக்கு வந்தது. பிராணியை வளர்ப்பவர் அதன் ஆயுள் முடியும் வரை வளர்க்கப் பாடுபட வேண்டும் என்று சட்டத்தில் எழுதினார்கள். "நாய்க்கு வயதாகிவிட்டது, நோய் வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது வந்தால், முடியாது என்று திருப்பி அனுப்பும் அதிகாரமும் அதிகாரிகளுக்குக் கிடைத்தது.

தெருவில் விட்டுவிட்டு ஓடிவிடலாமா? அதற்கும் வழியில்லை. 2020 முதல் அதற்கு ஓராண்டு வரை சிறை. அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம். நம் பணத்தில் ஏறக்குறைய 6 லட்சம் ரூபாய். (இந்தியாவின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலும், வளர்த்த பிராணியைப் பசி தாகத்தில் வாடும்படி கைவிடுவது குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! நாலு பேர் டீ குடிக்கக்கூடப் போதாது.)

பலன் கண்கூடு. ஜப்பானில் 2023ஆம் நிதி ஆண்டில் இப்படி மாண்டவை சுமார் 9 ஆயிரம்தான். 12 லட்சம் எங்கே, 9 ஆயிரம் எங்கே! குட்டிகள் பெருகாமல் தடுக்கும் ஆபரேஷனும், அனாதைப் பிராணிகளை எடுத்து வளர்க்கும் தொண்டர்களின் உழைப்பும் இதற்குப் பெரிய காரணம். சட்டமும் ஒரு காரணம்.

ஆனால் சட்டம் வாயிற்கதவைத்தான் அடைத்தது. கதவுக்கு உள்ளே கிடக்கும் கிழ நாயை யார் தூக்குவது, யார் துடைப்பது, செலவுக்கு யார் கொடுப்பது என்று அது சொல்லவில்லை. சுமை அப்படியே வீட்டுக்காரர் தலையில் இறங்கியது. அந்த வீட்டுக்காரரும் கிழவர் என்பதுதான் சிக்கல்.

நாய்க்கு முதியோர் இல்லம்

இந்தச் சிக்கலில் ஒரு தொழில் முளைத்தது. அதுதான் "ரோக்கென் ஹோமு". கிழ நாய்களுக்கான இல்லம் என்று பொருள். பணம் வாங்கிக்கொண்டு நாயைப் பொறுப்பேற்றுக் கடைசி வரை பார்த்துக்கொள்வார்கள். பூனைகளைச் சேர்த்துக்கொள்ளும் இல்லங்களும் உண்டு. நினைத்தவர் நினைத்தபடி நடத்த முடியாது. சர்க்காரில் பதிவு செய்ய வேண்டும்.

அங்கே என்ன நடக்கிறது? படுத்த படுக்கையான நாயை இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போடுகிறார்கள். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். ஊசி இல்லாத சிரிஞ்சில் கரைத்த தீனியை எடுத்து, கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுகிறார்கள். தலையை நிமிர்த்தி வைத்துத்தான் ஊட்ட வேண்டும். இல்லையென்றால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். பின்னங்கால் விழுந்த நாய்க்கு இடுப்பில் பட்டை கட்டித் தூக்கிப் பிடித்து நடத்துகிறார்கள். சின்னச் சக்கர வண்டியும் உண்டு.

இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். மனிதருக்கே கவனிப்பில்லை, நாய்க்கு இல்லமா என்று கேட்கலாம். 15 வருடம் வீட்டைக் காத்த பிராணியை வாயு அறைக்கு அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் செலவு? ஆண்டுக்குப் பல லட்சம் யென் ஆகிறது. பென்ஷன் பணத்தில் காலம் தள்ளும் பாட்டி இவ்வளவு கொடுக்க முடியுமா? பிராணிகளுக்குச் சர்க்கார் வைத்திய இன்சூரன்சும் கிடையாது. தனியார் இன்சூரன்ஸ்தான் உண்டு. ஆகவே இல்லம் என்பது வசதியுள்ளவர்களுக்கு. மற்றவர்கள் வீட்டிலேயே சமாளிக்கிறார்கள்.

குளியலறைப் பாயும் குழந்தை டயாபரும்

அப்படிச் சமாளிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

முதலில் சொன்ன நாயின் வியாதி, மூளை தளர்வது. மனிதருக்கு வரும் மறதி நோய் போன்றது. ஜப்பானின் சொந்தச் சாதியான சிபா நாய்களிடம் இது அதிகம் காணப்படுகிறது என்று அந்நாட்டுக் கால்நடை டாக்டர்கள் சொல்கிறார்கள். மூலையில் முட்டி நிற்பதுதானே தொல்லை? மூலையே இல்லாமல் செய்துவிட்டால்? குளியலறையில் போடும் நுரை ரப்பர் பாய்கள் சிலவற்றை ஒன்றோடொன்று இணைத்து, வட்டமாக நிறுத்தி வைக்கிறார்கள். நாய் அதற்குள் சுவரை உரசிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடக்கும். முட்டாது. மோதினாலும் வலிக்காது. களைத்ததும் அங்கேயே படுத்துத் தூங்கிவிடும். பாட்டியும் தூங்கலாம்!

பகலில் நாயை வெயிலில் உட்கார வைக்கிறார்கள். கொஞ்ச தூரம் நடத்துகிறார்கள். பகல் தூக்கம் குறைந்தால் இரவு ஊளை குறையும். அதற்கும் அடங்காவிட்டால் டாக்டர் மருந்து தருவார். அடுக்குமாடி வீடுகளில் இது பெரிய விஷயம். மெல்லிய சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டுக்காரர் காலையில் வேலைக்குப் போக வேண்டுமே!

படுக்கையிலேயே சிறுநீர் கழிக்கும் நாய்க்குக் குழந்தைகளின் டயாபரைக் கட்டுகிறார்கள். வால் நுழைய ஒரு ஓட்டை வெட்டிவிட்டால் போதும். வழுக்கும் பலகைத் தரையில் கம்பளத் துண்டுகளை விரிக்கிறார்கள். கிழ நாய் வழுக்கி விழுந்தால், நடப்பதற்கே பயந்து படுத்துவிடும். படுத்தால் தசை இளைக்கும். இளைத்தால் எழ முடியாது. நடக்காத நாய்க்கு நகம் தேயாது. வளர்ந்து வளைந்து காலுக்குள் குத்தும். நகம் வெட்டுவதுகூட வைத்தியம்தான்.

"வயசாகிவிட்டது, அதுதான்!"

கிழப் பிராணி சோர்ந்து கிடந்தால், வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். இது பெரிய தவறு. வயது ஒரு நோய் அல்ல. சோர்வுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வியாதி ஒளிந்திருக்கும். அதில் பலவற்றுக்கு மருந்து உண்டு.

பூனையைப் பாருங்கள். வலியை மறைப்பதில் பூனைக்கு ஈடு கிடையாது. அது நொண்டாது, கத்தாது. முன்பு அலமாரி மேல் தாவியது, இப்போது தாவுவதில்லை. அவ்வளவுதான் தெரியும். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை அமெரிக்க டாக்டர்கள் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது! மண் தொட்டிக்கு வெளியே பூனை அசுத்தம் செய்தால் உடனே அடிக்கக் கூடாது. உயரமான விளிம்பைத் தாண்ட முடியாமல் கால் வலிக்கிறதோ என்று பார்க்க வேண்டும். தாழ்ந்த விளிம்புத் தொட்டி வைத்தால் பல வீடுகளில் தொல்லை தீர்ந்துவிடும்.

பூனை நிறையத் தின்கிறது, ஆனாலும் இளைக்கிறது என்றால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யலாம். நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் கழித்தால் சிறுநீரகம் கெட்டிருக்கலாம். சர்க்கரை வியாதியாகவும் இருக்கலாம். வாய் நாறினால் பல்லைப் பார்க்க வேண்டும். பல்வலியால் தின்னாத பிராணியை, வயதாகிப் பசி போய்விட்டது என்று எண்ணிப் பட்டினி போட்டவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்று. மனிதரின் வலி மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடக் கூடாது. காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும். நாய்க்கும் மனித வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிராணிகளுக்கென்று தனி வலி மருந்துகள் இருக்கின்றன. டாக்டர் எடையைப் பார்த்து அளவு சொல்வார்.

பணம் கொட்டிய பூனைப் பிரியர்கள்

கிழப் பூனைகளின் பெரிய எதிரி சிறுநீரக நோய். 15 வயதைத் தாண்டிய பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கு இது உண்டு என்று டாக்டர்கள் சொல்வார்கள். இதைக் குணப்படுத்த முடியாது, தள்ளிப்போடலாம். உப்பும் பாஸ்பரசும் குறைந்த தனித் தீனி கொடுக்கிறார்கள். டாக்டரிடம் கற்றுக்கொண்டு, பூனையின் தோலுக்கு அடியில் ஊசி குத்தி உப்பு நீர் ஏற்றுகிறார்கள். வீட்டுப் பெண்மணிகளே சமையற்கட்டில் உட்கார்ந்து செய்கிறார்கள்!

பூனைக்கு மட்டும் ஏன் இவ்வளவு சிறுநீரகக் கோளாறு? தோரு மியாசாகி என்ற ஜப்பான் டாக்டர் ஒரு காரணம் சொல்கிறார். ரத்தத்தில் ஏ.ஐ.எம். என்ற ஒரு புரதம் உண்டு. 1999இல் அதை அறிவித்தவர் அவரே. சிறுநீரகக் குழாயில் அடைத்துக்கொள்ளும் செத்த செல்களைக் கூட்டிப் பெருக்குவது அதன் வேலைகளில் ஒன்று. ஒரு துடைப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதரிடமும் எலியிடமும் இந்தத் துடைப்பம் வேண்டும்போது கழன்று வந்து வேலை செய்கிறது. பூனையிடம் வேறொரு புரதத்தோடு இறுக ஒட்டிக்கொண்டு கழல மறுக்கிறது. 2016இல் இதை வெளியிட்டார்.

பணமில்லாமல் ஆராய்ச்சி தடைப்பட்டது. 2021இல் இந்தச் செய்தி வெளிவந்ததும் பூனை வளர்ப்போர் தாமாகவே நன்கொடை அனுப்பத் தொடங்கினார்கள். சில மாதங்களில் 20 கோடி யெனுக்கு மேல் குவிந்துவிட்டது! மியாசாகி பல்கலைக்கழகத்தை விட்டுத் தனி ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். ஆனால் 2025 வரையில் மருந்து கடைக்கு வரவில்லை. பணம் அனுப்பியவர்களின் பூனைகளில் பல அதற்குள் இறந்திருக்கும்.

கிழவரும் அவர் நாயும்

கடைசியாக, மிகவும் கடினமான கேள்விக்கு வருவோம். பிராணிக்கு முன்னால் மனிதர் விழுந்துவிட்டால்?

ஜப்பானின் முதியோர் இல்லங்களில் பெரும்பாலானவை நாய், பூனைகளைச் சேர்ப்பதில்லை. யோகோசுகா நகரில் உள்ள "சகுரா நோ சாத்தோ யமாஷினா" என்ற முதியோர் இல்லம் இதற்கு விலக்கு. இது 2012இல் திறந்தது. முதியவர்கள் தங்கள் நாயோடும் பூனையோடும் வந்து அங்கே குடியிருக்கலாம். எஜமானர் இறந்தாலும் பிராணியை இல்லமே கடைசி வரை வளர்க்கும்.

இதை ஏன் தொடங்கினார்கள்? அதைத் தொடங்கியவர்கள் சொன்ன காரணம் நெஞ்சை உருக்கும். அவர்கள் வீடு தேடிச் சென்று உதவி வந்த ஒரு கிழவர் தனியாக ஒரு நாயோடு வாழ்ந்தார். உடல் தளர்ந்து அவர் வேறோர் இல்லத்தில் சேர வேண்டி வந்தது. நாயை எடுத்துக்கொள்ள யாருமில்லை. சுகாதார நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அவர் அழாத நாள் இல்லை. சொந்தக் குடும்பத்தை நானே கொன்றுவிட்டேன் என்று புலம்பினார். ஆறு மாதத்துக்குள் அவரும் போய்விட்டார். அடுத்த கிழவருக்காவது இந்தக் கதி வரக்கூடாது என்றுதான் நாய்க்கும் இடம் வைத்துக் கட்டினார்கள்.

அதே போல் இன்னும் சில வழிகள் தோன்றியிருக்கின்றன. பிராணியின் பெயரால் பணம் ஒதுக்கி, தமக்குப் பிறகு இன்னார் வளர்க்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். கால்நடை டாக்டர்களுக்கு உதவும் நர்சு வேலைக்கு 2022இல் சட்டம் அமலாகி, 2023இல் முதல் சர்க்கார் பரீட்சை நடந்தது.

ஆனால் அனாதை நாய்களைக் கொடுக்கும் தொண்டு நிறுவனங்கள் பல, 60 அல்லது 65 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிராணி தருவதில்லை. குட்டி 15 வருடம் வாழும். நீங்கள் இருப்பீர்களா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கேட்கப்படுகிறவருக்கு வலிக்கிறது. இன்னொரு பக்கம், அந்த நிறுவனங்களின் கூண்டுகளில் யாரும் விரும்பாத 10 வயது, 12 வயது நாய்கள் படுத்துக் கிடக்கின்றன. வருகிறவர்கள் எல்லோரும் குட்டியைத்தானே கேட்கிறார்கள்!

சில நிறுவனங்கள் இப்போது இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டன. கிழ நாயைக் கிழவருக்குக் கொடுக்கிறார்கள். சொந்தமாக அல்ல, "காலம் முழுவதும் பொறுப்பில்" என்று. பெயர் நிறுவனத்தின் பேரில் இருக்கும். கிழவர் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தாலோ கண்ணை மூடினாலோ நிறுவனம் வந்து நாயை அழைத்துப் போய்விடும். அது வரை இருவரும் காலையில் வெயில் வந்த பிறகு புறப்பட்டு, தெருமுனை வரை மெல்ல நடந்துவிட்டுத் திரும்புகிறார்கள்.